எமகண்டத்தில் ஒரு என்டர்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஈப்போ புந்தோங்கில் சலாஹுதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. என் பெயர் தினேஸ்வரி. முதலாளி சுகுமாரன் என்னைச் 'சிலி பாடி' என்பார். விரல் நுனி அளவே இருந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரவைக்கிற மிளகாய்க்கு இங்கே அதுதான் பெயர். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள், இரும்புச் சாமான் கடைகள் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதில் பெரிய வேலை சர்வர் போடுவது. ஒரு கிளினிக்கில் நோயாளியின் பெயர், போன தடவை கொடுத்த மருந்து, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இடம்தான் டேட்டாபேஸ் சர்வர். அது படுத்துவிட்டால் கிளினிக்கும் படுத்துவிடும். வாசலில் காய்ச்சலோடு நிற்கிறவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

இந்த வேலையை எங்களிடம் ரூபன் அண்ணன்தான் செய்துவந்தார். செய்வது என்றால், வேனை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவார், சர்வர் முன்னால் உட்கார்வார், திரையில் கேள்வி வரும், 'நெக்ஸ்ட்' தட்டுவார். எந்தத் தட்டில், அதாவது எந்த ஹார்ட் டிஸ்க்கில், போடுவது என்று கேட்கும், நெக்ஸ்ட். யாருக்கு அதிகாரம் என்று கேட்கும், நெக்ஸ்ட். நடுவில் ஃபோன் வரும், பேசிக்கொண்டே நெக்ஸ்ட். பீடோர் போனால் வாத்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்குக் கொய்யாப்பழமும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வருவார். நல்ல மனுஷர். ஆனால் அவர் போட்ட சர்வர்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கும். இன்னொன்றில் ஒரு பெட்டியில் டிக் போட மறந்திருப்பார். போன வருஷம் ஒரு டியூஷன் சென்டரில், பெரிய தட்டு சும்மா கிடக்க, சின்னத் தட்டிலேயே எல்லாவற்றையும் சேர்த்து வைத்து அது நிரம்பி வழிந்து நின்றுபோனது. நான்தான் போய்ச் சரி செய்தேன். திரும்பி வந்து கத்தவும் செய்தேன்.

"மனுஷன்தானே லா, தினேஸ். கை தவறாதா?" என்றார்.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். இந்த வேலையில கையே இருக்கக் கூடாது" என்றேன்.

அப்படிச் சொன்னபோது அது வெறும் வாய்ப்பேச்சாகத்தான் இருந்தது. அதை நிஜமாக்க வைத்தவர் டாக்டர் விமலா.

டாக்டர் விமலாவைப் பற்றி ஈப்போவில் இரண்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஊசி போட்டால் வலிக்காது. நேரம் பார்க்காமல் ஒரு நாற்காலிகூட வாங்க மாட்டார். ஈப்போ கிரீன்டவுனில் ஒன்று, பத்து காஜாவில் ஒன்று, கோப்பெங்கில் ஒன்று, பீடோரில் ஒன்று என்று அவருக்கு நான்கு கிளினிக்குகள். நான்கையும் ஒன்றாக இணைக்க வேண்டும், நான்கிலும் புது சர்வர் வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கே.எல். என்கிற கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனியும் வந்து பேசிவிட்டுப் போயிருந்தது. ஊருக்கு ஓர் ஆள் அனுப்புவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு நாலும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும், சுகுமாரன்" என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழம. ராகு காலம் முடிஞ்ச ஒடனே. ஒன்னு முன்ன, ஒன்னு பின்னன்னு வேணாம். கோப்பெங் டாக்டர் ஜும்ஆ தொழுகைக்கு கிளினிக்க மூடிட்டுப் போவாரு. அதுக்குள்ள அங்க முடிஞ்சிருக்கணும்."

ராகு காலம் முடிவது உச்சிப் பொழுது. தொழுகைக்கு ஆட்கள் கிளம்புவது அதற்குக் கொஞ்ச நேரத்தில். இடையில் இருக்கிற நேரத்தில் ரூபன் அண்ணன் ஒரு சர்வரில் பாதிக் கேள்விகூடத் தாண்டியிருக்க மாட்டார். அதுவும் அவர் ஒருவர், ஊர் நான்கு. பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். முடியாது என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் போடறேன் டாக்டர்" என்றேன். "நாலையும். யாரும் எங்கயும் போக வேணாம்."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆள் போகாம எப்படிமா?"

"சர்வர் கேக்கற எல்லாக் கேள்விக்கும் முன்னாடியே பதில் எழுதி வச்சிருவேன். உங்க ஆளு என்டர் மட்டும் தட்டினா போதும். அதுவே போட்டுக்கும்."

"போட்டுக்கலேன்னா?"

கேட்டவரே பதிலும் சொன்னார்: "போட்டுக்கலேன்னா கே.எல்.காரங்க வருவாங்க. சர்வருக்கு மட்டும் இல்ல. கிளினிக் வேல மொத்தமும் அவங்களுக்குத்தான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் கம்பெனியே பாதி அவருடைய கிளினிக்குகளால்தான் ஓடுகிறது. அவை போய்விட்டால் பாஸ் பிரிண்டர் மை விற்றுக்கொண்டிருப்பார். நான் அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். இல்லையென்றால் என்னோடு படித்த அத்தனை பேரையும் போலக் கே.எல்.லுக்கு மூட்டை கட்ட வேண்டும். ஈப்போவில் உட்கார்ந்துகொண்டே இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும் என்று படிப்பு முடித்த நாளிலிருந்து எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருப்பவள் நான். அந்தச் சண்டையில் தோற்க எனக்கு இஷ்டமில்லை.

"பரவாயில்ல டாக்டர்" என்றேன்.

காரில் ஏறியதும் பாஸ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "அலாமாக், சிலி பாடி! நீ செஞ்சு பாத்திருக்கியா இல்லியா?"

"இல்ல பாஸ்."

"இல்லியா?"

"செய்ய முடியும்னு தெரியும். போலே லா, முடியும் பாஸ். காரெடுங்க."

முடியும் என்று தெரிந்தது உண்மைதான். இந்த சர்வர் மென்பொருளில் ஒரு நல்ல குணம் உண்டு. எல்லாக் கேள்விக்கும் ஒருமுறை ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போனால், நாம் சொன்ன பதில்களை ஒரு ஃபைலில் எழுதித் தரும். அடுத்த தடவை திரையைத் தொடவே வேண்டாம். கமாண்ட் லைனில், அந்தக் கறுப்பு ஜன்னலில், ஒற்றை வரியாக நிறுவலின் பெயரையும் அந்த ஃபைலின் பெயரையும் கொடுத்தால் போதும். கேள்வி கேட்காமல், படம் காட்டாமல், தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைல் வைத்துக்கொள்ளாது. அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் நல்லதுதான், யார் கண்ணிலும் படக் கூடாதது அது.

சொல்லும்போது சுலபம். ஆபீஸில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை லைசென்ஸுக்குச் சம்மதம் சொல்லவில்லை என்று நின்றது. அடுத்த தடவை அந்தத் தட்டே இல்லை என்றது. அதற்கடுத்து எல்லாம் நன்றாகப் போய்க் கடைசியில் ஏன் என்று சொல்லாமலே செத்தது. துடைத்துப் போட்டேன், மறுபடி துடைத்துப் போட்டேன். வீட்டில் அம்மா, "ஏசியில உக்காந்து பட்டனத் தட்டற வேலைக்கு எதுக்குடி இப்படி மொகம் கருத்துப் போற?" என்று கேட்டார். பட்டனைத் தட்டாமல் இருப்பதற்குத்தான் அம்மா இந்தப் பாடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் குழம்பியிருப்பார்.

ரூபன் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் முறையாக அது முழுசாக ஓடி முடிந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை.

"அப்ப நான் எதுக்கு லா?" என்றார்.

"வயர் இழுக்க" என்றேன். சொன்ன மறு நிமிஷமே எனக்குச் சுருக்கென்றது. என் வாய் அப்படி.

அவர் எழுந்து போனார். போனவர் நேராகச் சுவருக்குப் போய், இன்னொரு தடவை ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். திரை அணைந்தது.

"இப்ப என்ன பண்ணுவே? கோப்பெங்ல மழ பெஞ்சா கரண்டு இப்படித்தான் போவும். நான் இருந்தா மறுபடியும் மொதல்லருந்து போடுவேன். ஒன் கமாண்டு என்ன பண்ணும்?"

நான் கத்திய கத்தில் கீழே சலாஹுதீன் பாய் புரோட்டாக் கல்லை விட்டு மேலே எட்டிப் பார்த்தாராம். ஆனால் பிளக்கைச் செருகி ஓட்டியபோது என் கமாண்ட் என்ன செய்தது தெரியுமா? பாதியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, என்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டது. ரூபன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தேன். பாதியில் நின்ற நிறுவல் கண்ணில் பட்டால் துடைக்கவா என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். ஆம் என்றால் சுத்தமாகத் துடைத்து, கம்ப்யூட்டரைத் தானே அணைத்து எழுப்பி, விட்ட இடத்தைத் தேடாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை எழுதி முடித்த பிறகு ரூபன் அண்ணனையே கூப்பிட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். சந்தோஷமாகப் பிடுங்கினார். எந்த நிலையில் பிடுங்கினாலும் அது எழுந்து வந்தது. அன்றைக்கு அவருக்குத் தே தாரிக் டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டருக்கு மாதிரியைப் படமெடுத்து அனுப்பியபோது அவரிடமிருந்து வந்தது ஒரே வரி: 'நல்ல காரியத்துக்கு ஏன் கறுப்பு?'

எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பிறகு யோசித்தால், கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு வரி சேர்த்தேன். ஜன்னல் குங்குமச் சிவப்பானது, எழுத்து மஞ்சளானது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமே காட்டாமல் நின்றால் பயந்துபோய் யாராவது அணைத்துவிடுவார்களே என்று, அவ்வப்போது 'சாபார்' என்று எழுதவும் வைத்தேன். பொறுங்கள் என்று மலாயில் சொன்னால் எந்தக் கிளினிக்கிலும் புரியும். முடிந்ததும் 'சியாப்', ஆயிற்று என்று. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு கைகூப்பு அனுப்பினார்.

ரூபன் அண்ணன் வேனில் சுற்றி, கடையிலிருந்து நேராகக் கிளினிக்குகளுக்கு வந்து இறங்கிய சர்வர்களுக்கு வயர் இழுத்து, என் ஃபைல்களை ஏற்றி வைத்துவிட்டு வந்தார். சர்வரை அணைத்துப் போட்டாலும் ஒவ்வொன்றிலும் சிவப்பு ஜன்னல் தானே திறந்து, வரியோடு என்டருக்குக் காத்திருக்கும்படி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கிரீன்டவுன் கிளினிக்கில், மருந்து வைக்கிற அறையை ஒட்டிய சின்ன அறையில், சர்வருக்குப் பூ போட்டு எலுமிச்சம்பழம் வைத்து விளக்கும் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"டாக்டர், காத்து போற துளையில வேணாம், தூள் உள்ள போயிரும்" என்றேன். பாஸ் என் காலை மிதித்தார். டாக்டர் பொட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

என் லேப்டாப் திரையில் நான்கு ஊர்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. எந்த ஊரில் வேலை எதுவரை வந்திருக்கிறது என்பது அந்தந்தப் பெயருக்கு நேரே தெரியும். ஃபோனில் மூன்று பேரையும் சேர்த்து வைத்திருந்தேன். பத்து காஜாவில் கருப்பம்மாள் அக்கா, கோப்பெங்கில் ஹஃபீஸா, பீடோரில் மாயாண்டி அண்ணன். மூவரும் அந்தந்தக் கிளினிக்கின் முன்மேசையைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

டாக்டர் சுவரிலிருந்த நாள்காட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார்.

"தட்டுங்க" என்றேன்.

"பிஸ்மில்லா" என்று ஹஃபீஸாவின் குரல் கேட்டது. "முருகா" என்றார் கருப்பம்மாள் அக்கா. ஈப்போவில் டாக்டரே தட்டினார். ஈப்போ ஓட ஆரம்பித்தது. பத்து காஜா ஓடியது. கோப்பெங் ஓடியது. பீடோருக்கு நேரே, நான் ஆபீஸில் பார்த்துப் பார்த்து அலுத்த ஒரு வரி வந்து நின்றது. பாதியில் நின்ற நிறுவல் இருக்கிறது, துடைக்கவா?

அது எப்படி? தொடாத சர்வரில் பாதி நிறுவல் எங்கிருந்து வந்தது?

"மாயாண்டிண்ணே, அத யாராச்சும் தொட்டாங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே!"

"கோவப்படாத தங்கச்சி" என்றார் மாயாண்டி அண்ணன். "டாக்டர் வீட்டுக் காலண்டரு இந்தியாக் கணக்கு. அங்க சூரியன் ஆறு மணிக்கே உதிக்குது, இங்க ஏழாவுது. நம்ம ஊரு கணக்குப் பாத்தா இப்பத்தான் ராகு காலமே நடக்குது. பெரிய காரியம், கெட்ட நேரத்துல ஆரம்பிக்கக் கூடாதுல்ல? அதான் காலையில நல்ல நேரத்துல சாஸ்திரத்துக்குக் கை வச்சு வச்சேன்."

"கை வச்சேன்னா?"

"என்டர் தட்டினேன். ஓடுச்சு. ஆரம்பிச்சாச்சுன்னு ஆயிருச்சில்ல? அப்பறம் சுவிட்ச அடைச்சிட்டேன். மிச்சத்த டாக்டர் சொன்ன நேரத்துல செய்யலாம்னு."

வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்தத் தப்புத் தோன்றாது. வெளியூர் போகிறவர்கள் நல்ல நேரம் தவறிவிடும் என்று முதல் நாளே பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பதில்லையா, அதே போல் நல்ல எண்ணத்தோடு, டாக்டருக்காக, சர்வருக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார். யார் மேல் கோபப்படுவது?

பாஸ் ரூபன் அண்ணன் பக்கம் திரும்பினார். "ரூபன், கார எடு. நேரா பீடோர் போ. போய் கையாலயே போட்டுரு."

ரூபன் அண்ணன் சாவியை எடுத்துவிட்டார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் பீடோர் போய்ச் சேர்வதற்குள் மற்ற மூன்றும் முடிந்து ஆறிப்போயிருக்கும். நான்கும் ஒன்றாக ஆரம்பிக்கும் என்று நான் கொடுத்த வாக்கும் போய்விடும். ஆள் போகாமல் நடக்கும் என்றேன், இப்போது ஆள் போகிறார் என்றால் நான் எழுதியதெல்லாம் எதற்கு? பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை எழுதியவள் நான். அதற்குப் பதில் ஆம் என்றால் என்ன நடக்கும் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்கும் தெரியாது.

"யாரும் போக வேணாம்" என்றேன். "மாயாண்டிண்ணே, ஒய் தட்டி என்டர் தட்டுங்க. அதுக்கப்பறம் கரண்டு இருக்கற எதையும் தொடாதீங்க. தயவுசெஞ்சு ஒரு பொட்டிக்கடைக்குப் போய் உக்காந்துக்குங்க."

"செரி தங்கச்சி. நீ சொன்னா செரி."

பீடோர் துடைக்க ஆரம்பித்தது. சாபார், சாபார் என்று வரி வந்துகொண்டே இருந்தது. பத்து காஜாவில் சியாப் வந்தது. கருப்பம்மாள் அக்கா, "எங்கள்து முடிஞ்சிருச்சு, எங்கள்து மொதல்ல!" என்று கிளினிக் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஈப்போ சியாப். கோப்பெங் சியாப் என்று வந்தபோது ஹஃபீஸா, அங்கே டாக்டர் இன்னும் தொப்பிகூட எடுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். மூன்றும் ஒரே அச்சு. ஒரு டிக் கூடக் குறையவில்லை. ஆனால் பீடோர் என் திரையிலிருந்தே மறைந்து போயிருந்தது.

"எங்கம்மா காணோம்?" என்றார் டாக்டர்.

கம்ப்யூட்டர் தன்னை அணைத்து எழுப்பிக்கொள்கிற நேரம் அது. நான் வாய் திறப்பதற்குள் ரூபன் அண்ணன் சொன்னார்.

"வரும் டாக்டர். நான் எத்தன தடவ பிளக்கப் பிடுங்கிப் பாத்திருக்கேன். இது எந்திரிச்சி வரும்."

வந்தது. பீடோர் என்ற பெயர் திரும்பத் தெரிந்ததும் ரூபன் அண்ணன் சாவியை மேசையில் போட்டார். அதன் பிறகு நான் நாற்காலியின் கையை விட்டேன். கடைசி சியாப் வந்தபோது பாஸ் என்னைக் கட்டிப் பிடிக்காத குறைதான். சலாஹுதீன் பாய் கடையிலிருந்து நாசி பிரியாணியைத் தபாவ் பொட்டலமாக வரவழைத்தார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மதியத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு டாக்டர் அறைக்குள் வந்தார். விளக்கில் இன்னும் திரி எரிந்துகொண்டிருந்தது. திருப்தியாகச் சர்வரைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம், சுகுமாரன். அதான் பீடோர்லகூட ஆபத்து தாண்டிருச்சு."

"ஆமா டாக்டர், உங்க நேரம்தான்" என்றார் பாஸ்.

ஃபோனில் மறுபடியும் வந்திருந்த மாயாண்டி அண்ணன் விடவில்லை. "நான் காலையிலயே கை வச்சேனே டாக்டர், அதனாலதான் தாண்டுச்சு."

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் துடைத்துத் துடைத்துப் போட்டது எங்கே? ரூபன் அண்ணன் பிடுங்கிய பிளக்குகள் எங்கே? ஒருவர் கணக்குப்படி நல்ல நேரம், இன்னொருவர் கணக்குப்படி கெட்ட நேரம், இரண்டு பேருமே வேலையை நேரத்துக்குத் தூக்கிக் கொடுத்தால் எனக்கு என்ன மிச்சம்? நன்றி கேட்கவில்லை. ஆனால் அது தற்செயலாக ஓடவில்லை. இந்த வேலையில் தற்செயல் என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை எழுதினேன். நல்ல நேரம் என்று டாக்டர் நம்பினால், அடுத்த தடவை ஏதாவது சின்னதாகச் சறுக்கினால் நேரம் சரியில்லை என்று சொல்லிக் கே.எல்.காரர்களைக் கூப்பிடுவார். எங்கள் பிழைப்பு நாள்காட்டியில் தொங்கும்.

"டாக்டர், இப்ப என்ன நேரம்?" என்றேன்.

அவர் நாள்காட்டியைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "எமகண்டம். ஏன்?"

"இந்த சர்வர்ல இன்னும் ஒரு பேஷன்ட் பேருகூட ஏறல. நாளைக்குத்தான் ஏத்தறோம். இப்ப இத முழுசா அழிச்சிட்டு மறுபடியும் போடறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான். நேரம்தான் போட்டுச்சுன்னா இப்ப ஓடாதுல்ல? ஓடலன்னா கே.எல்.காரங்களக் கூப்பிடுங்க. நம்பர் இல்லன்னா நானே தேடித் தாரேன்."

"சிலி பாடி..." என்று பாஸ் முனகினார். அவர் உட்கார இடம் தேடினார். ரூபன் அண்ணன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வெளியே ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். "ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லு" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சர்வர் மேலிருந்த பூவையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து ஓரமாக வைத்தார். விளக்கை அவரே அமர்த்தினார். எனக்கு அது எதிர்பாராதது.

"போடு" என்றார்.

துடைத்தேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஓடப் போவது வெறும் சர்வர் இல்லை, எங்கள் நான்கு கிளினிக்குகள், பாஸின் கடை, ஈப்போவில் நான் இருக்கலாமா கூடாதா என்பது எல்லாமும்தான். சிவப்பு ஜன்னல் திறந்தது. வரியைத் தட்டினேன். என்டர் தட்டினேன்.

சாபார் என்றது. டாக்டர் ரெண்டு நிமிஷம் என்றவர் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் நாடியைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு கேள்வி வரவில்லை, ஒரு வரி தவறவில்லை. முன்பு எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் வந்து, சியாப் என்று நின்றது. மத்தியானம் போட்டதையும் இப்போது போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வித்தியாசம் ஒன்றுமில்லை.

என் நெஞ்சு நிறைந்துபோனது. வேறு எப்படிச் சொல்வது? என் வேலை நல்ல வேலை. அதை நான் செய்தேன். புந்தோங்கில், ஒரு புரோட்டாக் கடைக்கு மேலே உட்கார்ந்து செய்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாராட்டப் போகிறார் என்று பாஸ் எழுந்து நின்றார். அவர் பாராட்டவில்லை. கதவு வரை போனவர் திரும்பினார்.

"சித்தியவான்ல அஞ்சாவது கிளினிக் தொறக்கறேன். நாள் பாக்கறதுக்கு நாளைக்குக் கோயிலுக்குப் போறேன்." சர்வரைக் கண்ணால் காட்டினார். "கட்டடத்துக்குப் பாக்கறேன். சர்வருக்குப் பாக்கல. அத நீ ஒனக்கு எப்ப தோதுபடுதோ அப்பப் போட்டுக்க."